விளையாட்டுக் கையெழுத்து, அட்டை சேகரிப்பு (தமிழகம், புதுச்சேரி)

விளையாட்டு வீரர்களின் கையெழுத்தையும் அவர்கள் படம் அச்சிட்ட அட்டைகளையும் திரட்டிவைக்கும் பழக்கம். அட்டை பிறந்தது வியாபாரத் தந்திரமாக: இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896இல் சிகரெட் பெட்டிக்குள் 50 கிரிக்கெட் வீரர்களின் வரிசையை வைத்தது. இந்தியாவில் கையெழுத்தே முந்திக்கொண்டது. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட்டில் ஆடிய டக்ளஸ் ஜார்டைனின் எம்.சி.சி. (இங்கிலாந்து) அணியிடம், இந்திய கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சன்ட்டின் சகோதரி லட்சுமி அந்தச் சுற்றுப்பயணத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். 16 பேர் ஒப்பமிட்ட பக்கத்தில் காந்தி 17ஆவது ஆளாகத் தம் பெயரை எழுதினார் என்பது பலரும் எடுத்தாளும் செய்தி. கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி அரிசன நிதியில் சேர்ப்பது காந்தியின் வழக்கம். இந்தியாவில் கையெழுத்துக்கு முதலில் விலை வைத்தவர் அவரே என்பாருண்டு. அப்படி அறுதியிடுவது மிகையாகலாம்.

அடுத்த நாற்பதாண்டுகளில் குறிப்பிடத்தக்கது ‘தி இந்து’ குழுமத்தின் ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழ். 1978இல் அதே குழுமம் சென்னையிலிருந்து ‘ஸ்போர்ட்ஸ்டார்’ வார இதழைத் தொடங்கிய பிறகு, அதன் நடுப்பக்க வண்ணப்படம் விடுதி அறை, சலூன் சுவர்களில் ஏறியது. பின்னை நகத்தால் நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவியெடுப்பது தனிக் கலை. எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் மடிப்பில் பின் குத்திய துளைகள் நிற்கும். கவாஸ்கரின் மட்டையானாலும் கபில்தேவின் தோளானாலும் துளைக்குத் தப்பவில்லை.

1980களின் பிற்பகுதியில் ‘பிக் ஃபன்’ பபிள்கம்முடன் கிரிக்கெட் அட்டைகள் வந்தன. அவற்றில் குறித்திருந்த ரன், விக்கெட் எண்ணிக்கையைக் கூட்டிச் சேர்த்தால் பரிசு. கேபிள் தொலைக்காட்சி பரவிய 1990களில் பெட்டிக்கடைகளில் டிரம்ப் கார்டுகள் குவிந்தன. இவற்றில் பள்ளிப் பிள்ளைகள் கொண்டாடியது டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த அட்டைகளை. தரவரிசை, உயரம், எடை, மார்பளவு, கைத்தசை, மோதல்கள், வெற்றிகள் என எண்கள் அடுக்கியிருக்கும். ஒருவர் ஓர் எண்ணைச் சொல்ல, எதிராளியின் அட்டையில் அதைவிடக் குறைந்த எண் இருந்தால் அந்த அட்டை சொன்னவருக்கு. தரவரிசையில் மட்டும் சின்ன எண்ணே பெரியது. பருத்த உடல்கொண்ட யோகோசூனாவின் அட்டை கையிலிருந்தால் எடையைத்தான் சொல்வார்கள். கிரிக்கெட் அட்டைகளில் இந்தத் தந்திரம் அவ்வளவு சுவைப்படவில்லை: பந்துவீச்சாளர் கிடைத்தால் விக்கெட்டைச் சொல்வார்கள் என்று எதிராளிக்கு முன்பே தெரிந்துவிடும்.

இத்தனை பரவலாக இருந்தும் இந்த அட்டைகளுக்குச் சந்தை அமையவில்லை. பிள்ளைகள் ஆடித் தேய்த்துவிட்டார்கள் என்று காரணம் சொல்வதுண்டு. அமெரிக்கச் சிறுவர்களும் பேஸ்பால் அட்டைகளைச் சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகித் தேய்த்தவர்கள்தான். அங்கே எஞ்சியவற்றில் 1952ஆம் ஆண்டின் மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. கையில் காசில்லை என்ற வாதமும் பாதிதான் பொருந்தும், ஏனெனில் அதே காலத்தில் அதே வீடுகளில் தபால்தலை ஆல்பங்கள் இருந்தன. 1892 முதல் வெளிவந்த பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளைப் புதுச்சேரிக்கு வெளியிலும் தேடி வாங்குகிறார்கள். தபால்தலைக்கு வெளியிட்ட ஆண்டும் வரிசையும் பட்டியலும் உண்டு. எது அரிது, எது போலி என்று சொல்ல முடியும். பெட்டிக்கடை அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு அச்சிட்டவர் பெயரே தெளிவில்லை. வீரரின் புகழ் ஆசையைக் கிளப்பும். விலை நிற்பதற்குப் பட்டியல் வேண்டும். கையெழுத்தும் அப்படியே: யார் முன்னிலையில் இட்டது என்ற சான்று இல்லாவிட்டால் வாங்குபவர் தயங்குவார்.

ஐ.பி.எல். காலத்தில் டாப்ஸ் நிறுவனத்தின் ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ அட்டைகள் வரிசை எண்ணோடு வந்தன. 2021க்குப் பின் ராரியோ, ஃபேன்கிரேஸ் போன்ற நிறுவனங்கள் மின்னணு அட்டைகளை விற்றன. 2022 பட்ஜெட் இத்தகைய மெய்நிகர் சொத்து லாபத்துக்கு 30 சதவீத வரி விதித்தது. வீரர்களின் பெயர், உருவத்துக்கான உரிமை தனக்கே என்று ராரியோ தரப்பு தொடுத்த வழக்கில், 2023 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. பொதுவெளியில் உள்ள தகவலுக்கு ஒருவர் தனியுரிமை கொண்டாட முடியாது என்றது. அடுத்த மாதம் 14ஆம் தேதி சேப்பாக்கத்தில் சுனில் கவாஸ்கர் ஓடிச் சென்று தம் சட்டையின் நெஞ்சுப்பகுதியில் தோனியிடம் கையெழுத்து வாங்கினார். அதைப் பார்த்த சாட்சிகள் ஓர் அரங்கம் நிறைய இருந்தார்கள். புதுச்சேரியில் இந்த வாய்ப்பு புதிது: அதன் அணி 2018-19இல்தான் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் இடம்பெற்றது. சாரம் முதலான நகரப் பகுதிகளின் சேகரிப்பாளர்கள் சொந்த அணி வீரரிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கினால், தேதியையும் ஆட்டத்தையும் அதே தாளில் குறித்துக்கொள்வது நல்லது.