பழைய வேட்டை ரைபிள் வாங்குதல்: வின்செஸ்டர் மாடல் 70

வின்செஸ்டர் மாடல் 70, அமெரிக்க வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வரும் போல்ட் வகை ரைபிள். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 1936-இல் உற்பத்தி தொடங்கி, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. 1925-இல் வெளிவந்த மாடல் 54-இன் குறைகளைக் களைந்து உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் பழைய துப்பாக்கிச் சந்தையில் இந்த அளவுக்குத் தேடப்படும் வேட்டை ரைபிள்கள் மிகச் சிலவே. அதனாலேயே குறையை மறைத்து, மெருகேற்றி, பிறப்பை மாற்றிச் சொல்லி விற்கப்படுவதும் உண்டு. கேட்கும் விலை, அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எவ்வளவு கைபடாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காட்டில் அது எப்படிச் சுடும் என்பதோ குழலின் உட்புறம், தோட்டா அறை, விசை ஆகியவற்றைப் பொறுத்தது. சேகரிப்பாளர் ஒதுக்கித் தள்ளும் துப்பாக்கி வேட்டைக்காரருக்கு நல்ல பேரமாக அமைவதும், பளபளக்கும் அரிய துப்பாக்கி குறி தவறிச் சுடுவதும் இதனால்தான். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை வாங்குபவர் முதலிலேயே தெளிந்துகொள்ள வேண்டும்.

1964-க்கு முன்னும் பின்னும்

இந்த ரைபிளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் 1964-இல் வந்து நிற்கும். அதுவரை போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான எஃகுக் கொக்கி ஒன்று இருந்தது. ஜெர்மானிய மவுசர் 98 ரைபிளின் வழியில் வந்த ஏற்பாடு அது. மேகசினிலிருந்து தோட்டா மேலெழும்போதே அதன் அடிவிளிம்பு கொக்கிக்குள் நுழைந்துவிடும். போல்ட்டை முன்னே தள்ளி முடிக்கும்வரை தோட்டா பிடியிலேயே இருக்கும். துப்பாக்கி சாய்ந்தாலும் நழுவாது. கரடிக்கு எதிரே நிற்பவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. கட்டை வால்நட் மரம். பிடி வழுக்காமல் இருக்க அதில் குறுக்குக்கோடுகள் செதுக்கப்பட்டிருக்கும். எஃகுப் பாகங்கள் பொறுமையாகக் கடைந்தெடுக்கப்பட்டவை.

கூலியும் இயந்திர வேலைச் செலவும் ஏறிக்கொண்டே போனதால் 1963-உடன் நிறுவனம் இந்த வடிவத்தைக் கைவிட்டது. 1964 மாடலில் நீளக் கொக்கி போய், போல்ட்டின் முகப்பிலேயே சிறிய இழுப்பான் வந்தது. குறுக்குக்கோடுகள் செதுக்கப்படாமல் அழுத்திப் பதிக்கப்பட்டன. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே கண்ணை உறுத்தும் இடைவெளி. வாங்கி வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். பழைய மாடலுக்கு மவுசு ஏறியது.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தாலும், பின்னாளில் அது அளவு கடந்துவிட்டது. 1968-இல் போல்ட் சிக்காமல் நகரும்படி திருத்தப்பட்டது. அதற்குப் பிந்தைய ரைபிள்கள் குறிதவறாமையில் பழையவற்றுக்குச் சளைத்தவை அல்ல. விலையோ கணிசமாகக் குறைவு. 1990-களின் தொடக்கத்தில் ‘கிளாசிக்’ என்ற பெயரில் நீளக் கொக்கி திரும்பி வந்தது. 2006-இல் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டது. 2008 முதல் எஃப்.என். நிறுவனம் தென் கரோலினாவில் இதைத் தயாரித்தது. மான் வேட்டைக்கு மட்டும் துப்பாக்கி தேடுபவர் ‘1964-க்கு முந்தையது’ என்ற சொல்லுக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எண்களும் முத்திரைகளும்

வரிசை எண், போல்ட் ஓடும் எஃகுக் கூடான ரிசீவரின் வலப்புறத்தில் இருக்கும். பழைய வடிவம் 581471-உடன் முடிகிறது. புதியது 700000-இலிருந்து தொடங்குகிறது. இடைப்பட்ட எண்கள் பயன்படுத்தப்படாததால் இந்த ஒரு கேள்வியில் குழப்பமில்லை. அடுத்து, போல்ட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய ரைபிள்களில் அதன் அடியில் மின்பேனாவால் கீறிய எண் ரிசீவரின் எண்ணோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் போல்ட் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்தது. மதிப்புக் குறையும் என்பதோடு பாதுகாப்புக் கேள்வியும் எழும். காரணம் பின்னால் வருகிறது.

குழலிலும் ரிசீவரிலும் நீள்வட்டத்துக்குள் ‘டபிள்யூ.பி.’ என்ற சோதனை முத்திரை இருக்கும். கட்டையைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால், குழலின் அடிப்பக்கத்தில் அது செய்யப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காணலாம். ரிசீவர் எண் 1940-களைக் காட்ட, குழலில் 58 என்று இருந்தால் குழல் மாற்றப்பட்டிருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரைபிள்களில் ரிசீவரின் பின்பாலத்தில் ஸ்கோப் மாட்டுவதற்கான துளைகள் ஆலையில் போடப்படவில்லை. பின்னாளில் ஸ்கோப் பரவலானபோது உரிமையாளர்கள் பட்டறையில் கொடுத்துத் துளையிட்டுக்கொண்டார்கள். சேகரிப்பாளர் கண்ணில் அந்தத் துளைகள் பெரிய சேதம். வேட்டைக்காரருக்கோ விலையைக் குறைக்கும் நல்ல காரணம்.

இந்த மாடலில் பெரும்பாலானவை .30-06, .270 வகைத் தோட்டாக்களுக்கானவை. .270 தோட்டாவை ‘அவுட்டோர் லைஃப்’ இதழின் எழுத்தாளர் ஜாக் ஓ’கானர் வாழ்நாள் முழுதும் ஆதரித்து எழுதினார். வியட்நாம் போரில் அமெரிக்க மறைசுடுநர் கார்லோஸ் ஹாத்காக் கையில் இருந்தது .30-06 மாடல் 70. இந்த இரண்டு வகைகளும் எளிதில் கிடைக்கும். .250-3000, 7 மி.மீ. மவுசர், .300 சாவேஜ், .35 ரெமிங்டன் ஆகியவை அரியவை. விலை பல மடங்கு. போலி முத்திரை குத்துபவர்களின் கை நீளுவதும் இவற்றின் மீதுதான். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், திருகுத் துளைகளின் விளிம்பு குழிந்திருந்தால், கூர்மையாக இருக்க வேண்டிய ரிசீவரின் முனைகள் உருண்டிருந்தால், எஃகு தேய்க்கப்பட்டுக் கருநீல மெருகு புதிதாக ஏற்றப்பட்டிருக்கிறது. மெருகு தானாகத் தேய்ந்து, குழலின் முனையிலும் போல்ட் பிடியிலும் வெள்ளிநிறம் தெரியும் துப்பாக்கியை நம்பலாம். உழைத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்.

குழலின் உட்புறம்

சோதனைக்கு முன் போல்ட்டைத் திறந்து, மேகசினையும் தோட்டா அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, காலி என்று உறுதி செய்ய வேண்டும். விற்பவர் இப்போதுதான் பார்த்தார் என்பது காரணமாகாது.

போல்ட்டை எடுத்துவிட்டு, எண்ணெய் துடைத்த குழலில் ஒரு முனையில் சிறு விளக்கைக் காட்டி மறுமுனையிலிருந்து பார்க்கலாம். எண்ணெய் பூசிய குழல் எப்போதும் நன்றாகவே தெரியும் என்பதால் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே பார்க்க வேண்டும். சுழல் வரிகள் கூர்மையாக, அறைப்பக்கம் முதல் வாய்வரை ஒரே சீராக இருப்பது நல்லது. பச்சையோ செம்போ படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது குண்டின் செப்பு உறை விட்டுச்சென்ற படிவு, கரைத்து எடுத்துவிடலாம். கருத்த சிறு குழிகள் துரு அரித்தவை, அவை போகாது. நடுவில் எங்காவது வளையம் போன்ற நிழல் தெரிந்தால், அடைபட்ட குழலில் யாரோ சுட்டதால் எஃகு உப்பியிருக்கலாம். வெளிப்புறத்தில் விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். அத்தகைய குழலை வேண்டாம் என்று விட்டுவிடுவதே சரி.

இந்த இடத்தில் .30-06-க்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று. அந்தத் தோட்டா அமெரிக்க ராணுவத்துடையது. 1950-களின் தொடக்கம்வரை ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் குழலில் உப்பு படியும்; அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் தின்னும். வெறும் எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். மலிவான ராணுவத் தோட்டாவை வாங்கிச் சுட்டு, மாலையில் எண்ணெய்த் துணியை மட்டும் ஓட்டி மூலையில் சாத்திய துப்பாக்கிகளின் குழல்கள் இன்று உட்புறம் கருத்துக் கிடக்கின்றன. ராணுவம் ஏற்காத .270 ரைபிள்களுக்கு இந்தக் கேடு நேரவில்லை. ஒரே ஆண்டில் செய்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இது சிறிய விஷயமல்ல.

துரு இல்லாத குழலும் தேய்ந்திருக்கலாம். தோட்டா அறைக்கு நேர் முன்னால் உள்ள தொண்டைப்பகுதிதான் வெடிச்சூட்டை முதலில் வாங்குகிறது. சிறிய துளை வழியே அதிக மருந்தை எரிக்கும் .220 ஸ்விஃப்ட், .264 வின்செஸ்டர் மேக்னம் போன்றவற்றில் தொண்டை விரைவில் அரிக்கும். அங்கே எஃகு வெயிலில் காய்ந்த ஏரிப்படுகை போல வெடித்திருக்கும். வெறும் கண்ணுக்கு இது எளிதில் தெரியாது. போர்ஸ்கோப் என்ற உள்நோக்குக் கருவி உள்ள கடையில் காட்டிப் பார்க்கலாம். மறுமுனையில் குழலின் வாய் விளிம்பும் முக்கியம். குண்டு கடைசியாகத் தொடுவது அதைத்தான். அங்கே ஒரு நெளிவு இருந்தாலும் குண்டின் பின்னால் வரும் வாயு ஒருபக்கமாகப் பிதுங்கி, குறி தவறும். நல்ல சேதி என்னவென்றால் வாய் விளிம்பை மறுபடி வெட்டித் திருத்துவது பட்டறையில் சிறிய வேலை.

தோட்டா அறை

குழலில் .300 எச். அண்டு எச். என்ற தோட்டாவின் பெயர் எழுதியிருந்தால் அறையும் அதற்கே உரியது என்று கொள்ளக்கூடாது. இந்த வகை ரைபிள்கள் பல .300 வெதர்பி மேக்னத்துக்காக அறை பெரிதாக்கப்பட்டவை. செய்தவர் புதிய பெயரைக் குழலில் பொறிக்காமல் விட்டிருந்தால் அடுத்த உரிமையாளருக்கு அது கண்ணி. சந்தேகம் இருந்தால் செரோசேஃப் என்ற உலோகக் கலவையை அறையில் ஊற்றி அச்சு எடுப்பார்கள். கொதிநீரைவிடக் குறைந்த சூட்டிலேயே அது உருகும் என்பதால் துப்பாக்கிக்குத் தீங்கில்லை.

மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா போய் அமரும் இடத்துக்கும் உள்ள தொலைவே ஹெட்ஸ்பேஸ். அது கூடினால் தோட்டாவின் பித்தளை உறை நீண்டு கிழியலாம். கிழிந்தால் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். ஒவ்வொரு போல்ட்டும் அதற்குரிய ரிசீவரோடும் குழலோடும் பொருத்திப் பார்க்கப்பட்டது. அதனால்தான் எண் பொருந்தாத போல்ட்டைக் கண்டால் அளந்து பார்க்காமல் சுடக்கூடாது. ‘கோ’, ‘நோ-கோ’ என்ற இரண்டு எஃகு அளவிகளால் துப்பாக்கி மெக்கானிக் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்: முதல் அளவியின் மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன் மேல் மூடக்கூடாது.

விசையும் சேஃப்டியும்

பழைய மாடல் 70-இன் விசை எளிமையானது. அழுக்கும் பனியும் சேர்ந்து சிக்குவதற்கு இடம் தராத திறந்த அமைப்பு. ஆனால் திருகைத் திருப்பி விசையை இலகுவாக்க முடியும் என்பதால் அளவுக்கு மீறித் தளர்த்தியவர்கள் உண்டு. காலித் துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து மூடி, சேஃப்டியைப் பின்னே இழுத்து, விசையை அழுத்தி விட்டு, பிறகு சேஃப்டியை முன்னே தள்ள வேண்டும். அப்போது சுடும் ஊசி விழுந்தால் ஆபத்து. சேஃப்டிக்கு மூன்று நிலைகள்: பின்னால் வைத்தால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், நடுவில் போல்ட்டை மட்டும் திறக்கலாம், முன்னால் சுடலாம். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். போல்ட்டைப் பலமுறை வேகமாக அடித்து மூடியும் ஊசி விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பது அடுத்த சோதனை.

விசைக் கோளாறு பழைய காலத்தோடு முடிந்ததல்ல. மாடல் 70-இன் நேர்ப்போட்டியாளரான ரெமிங்டன் 700-இல் 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை பொருத்தப்பட்ட எக்ஸ்-மார்க் புரோ விசைகளை நிறுவனமே திரும்பப் பெற்றது. அந்தக் காலத்து 700 ஒன்றை வாங்குபவர் அந்தப் பழுது சரிசெய்யப்பட்டதா என்று கேட்காமல் பணம் கொடுக்கக்கூடாது. விசை மட்டுமல்ல, எஃகும் ஆபத்தாகலாம். ராணுவ ரைபிளை வேட்டைக்கு மாற்றியமைத்தவற்றில் ஸ்பிரிங்ஃபீல்டு 1903-க்குத் தனி எச்சரிக்கை: ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்த 800000-க்குக் கீழ்ப்பட்ட எண்களும், ராக் ஐலண்டில் செய்த 285507-க்குக் கீழ்ப்பட்டவையும் எஃகு சரியாகப் பதப்படுத்தப்படாமல் நொறுங்கக்கூடியவை. எவ்வளவு அழகான கட்டை போட்டிருந்தாலும் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

கட்டை

விரிசல் முதலில் தெரியுமிடம் ரிசீவரின் பின்வால் மரத்தில் புதையும் இடம். அதையும், கை பிடிக்கும் மெல்லிய கழுத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பின்தகடு மாற்றப்பட்டு ரப்பர் மெத்தை போட்டிருந்தால் நீளம் வெட்டப்பட்டிருக்கும். உயரமானவர் தோளில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். திருகுகளின் பள்ளம் சிதைந்திருந்தால் தெரியாதவர் கை பட்டிருக்கிறது என்று பொருள்.

சட்டமும் பேரமும்

அமெரிக்காவில் உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கினால் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். 1998 நவம்பர் முதல் தேசியப் பின்னணிச் சோதனையும் உண்டு. ஒரே மாநிலத்தைச் சேர்ந்த இரு தனியார் தங்களுக்குள் விற்றுக்கொள்ள கூட்டாட்சிச் சட்டம் சோதனை கேட்பதில்லை. ஆனால் கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்கள் அதையும் வணிகர் வழியாகவே நடத்தச் சொல்கின்றன. வேறு மாநிலத்தவரிடம் வாங்கும்போது உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் துப்பாக்கி வர முடியும்.

தொலைவிலிருந்து வாங்குபவர்களுக்கு மூன்று நாள் பார்வைக் காலம் தருவது இந்த வணிகத்தில் பரவலான வழக்கம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். ஆனால் அதற்குள் ஒரு தோட்டாவைக்கூடச் சுட்டிருக்கக்கூடாது. எனவே அந்த மூன்று நாளில் மெக்கானிக்கிடம் எடுத்துச் சென்று ஹெட்ஸ்பேஸ் அளப்பதும், குழலுக்குள் கருவி விட்டுப் பார்ப்பதும், கட்டையைக் கழற்றி அடி முத்திரைகளைப் படிப்பதும் முடிந்துவிட வேண்டும். குறி எப்படி என்பது அதற்குப் பிறகே தெரியும்.