வாய்மொழி ஆணையும் எழுத்துப் பதிவும்: முந்த்ரா விவகாரத்தில் (1957–58) அமைச்சரும் செயலாளரும்

1958 பிப்ரவரியில் நடுவண் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகியது, அமைச்சர் பொறுப்புக் கோட்பாட்டிற்குச் சான்றாகவே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. அந்நிகழ்வு குடிமைப்பணி அலுவலரின் நிலை குறித்து எழுப்பிய கேள்வி அதே அளவு கவனம் பெறவில்லை.

1956 செப்டம்பர் 1 அன்று தொடங்கப்பெற்ற ஆயுள் காப்பீட்டுக் கழகம், 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழு முன்கூட்டிக் கலந்தாலோசிக்கப்படவில்லை. கழகச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பொதுநலன் சார்ந்த கொள்கை விவகாரங்களில் நடுவணரசு எழுத்து வடிவிலேயே கழகத்திற்கு ஆணையிட இயலும். இக்கொள்முதலுக்கு அத்தகைய எழுத்தாணை ஏதுமில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் இதனை எழுப்பினார். தொடர்ந்து அமைந்த எம். சி. சாக்ளா ஒருநபர் ஆணையம் பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தியது.

நிதித்துறை முதன்மைச் செயலாளர் எச். எம். படேல், அமைச்சரின் ஒப்புதலோடே செயல்பட்டதாகச் சாட்சியமளித்தார்; அமைச்சர் அதனை மறுத்தார். இருவருக்குமிடையே நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட உரையாடலை உறுதிப்படுத்தக் கோப்பில் குறிப்பில்லை. அலுவலர் கோப்பில் ஒளிவின்றிக் கருத்துரைப்பார். அமைச்சர் அவையில் விடையளிப்பார். அலுவலரின் பெயர் வெளிவராது என்பதே வெஸ்ட்மின்ஸ்டர் மரபு. அப்பெயரின்மை கோப்பின் நம்பகத்தன்மையைச் சார்ந்தது. கோப்பு மௌனமானபோது அமைச்சரும் செயலாளரும் எதிரெதிர்ச் சாட்சிகளாயினர்.

பிரிட்டனில் 1954 ஜூலையில் கிரிச்செல் டவுன் விவகாரம் குறித்த விவாதத்தில் உள்துறை அமைச்சர் மேக்ஸ்வெல் ஃபைஃப், அமைச்சர் அறியாததும் ஏற்காததுமான அலுவலர் செயலை அவர் ஆதரித்துப் பேச வேண்டியதில்லை என வரையறுத்திருந்தார். இவ்விலக்கு கிருஷ்ணமாச்சாரிக்குப் பொருந்தவில்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே அரசமைப்பு வழியில் பொறுப்பாவார் எனச் சாக்ளா முடிவுசெய்தார். செய்தியை அறிந்தபின் அமைச்சர் அதனை உடனடியாக மறுதலிக்காததும் அவருக்கு எதிராக நின்றது. இம்முடிவு அமைச்சரின் பொறுப்பைத் தெளிவாக்கிற்று. ஆனால் எழுத்தாணையைக் கேட்டுப்பெறும் கடமை செயலாளருக்கு உண்டா என்பதைத் தீர்க்கவில்லை. அலுவலர்கள்மீது விவியன் போஸ் தலைமையில் தனி விசாரணை நடைபெற்றது. பணியை விட்டு விலகிய படேல், 1977இல் அதே நிதித்துறைக்கு அமைச்சரானது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அனைத்திந்தியப் பணிகள் (நடத்தை) விதிகள், 1968, மேலலுவலரின் ஆணை பொதுவாக எழுத்தில் அமைய வேண்டும் என்றும், வாய்மொழி ஆணை பெற்றவர் எழுத்துவழி உறுதிப்பாட்டைக் கோர வேண்டும் என்றும் கூறுகின்றன. இதற்குப் பின்னரும் டி. எஸ். ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட ஓய்வுபெற்ற அலுவலர்கள் உச்ச நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. வாய்மொழி ஆணைகள் பதிவுசெய்யப்படாவிடில் தகவல் அறியும் உரிமை பயனற்றுப்போகும் என 2013 அக்டோபர் 31 தீர்ப்பு சுட்டியது. அத்தீர்ப்பே அலுவலர்களுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலத்தை உறுதிசெய்யவும் பணித்தது. இவ்விரு கட்டளைகளையும் பிரித்து வாசிப்பது பொருந்தாது. எழுத்தில் தருமாறு கேட்கும் அலுவலர் மறுவாரமே இடமாற்றப்படக்கூடும் எனில், முதற்கட்டளை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.