ஆண்களை வெளியே நிறுத்திய ஆட்டம்

லித்துவேனியாவில் 1868-ல் பிறந்த அந்தப் பெண் குழந்தை நோஞ்சான். ஏழு வயதில் குடும்பத்தோடு கடல் கடந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வந்த பிறகும் உடம்பு தேறவில்லை. அண்ணன் பெர்னார்ட் பின்னாளில் உலகம் மெச்சிய கலை விமர்சகர் ஆனார். தங்கை செண்டா பெரென்சனுக்குப் பியானோதான் உயிர். ஆனால் முதுகுவலி அவரைப் பியானோ முன் உட்காரவே விடவில்லை. உடம்பைத் தேற்றிக்கொள்ள வேறு வழி தெரியாமல், உடற்பயிற்சி ஆசிரியைகளை உருவாக்கும் பள்ளி ஒன்றில் வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் சில நிமிடங்கள் நேராக நிற்பதே பெரும்பாடு. அப்படிப்பட்டவரைத்தான் 1892 ஜனவரியில் ஸ்மித் என்ற மகளிர் கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியையாக அழைத்துக்கொண்டது.

கல்லூரி மாணவிகளுக்கோ உடற்பயிற்சி என்றாலே கசந்தது. கையைத் தூக்கு, காலை மடக்கு, மூச்சை இழு என்று தினமும் ஒரே பாட்டு. என்ன செய்து இவர்களை ஓட வைப்பது என்று ஆசிரியை தவித்துக்கொண்டிருந்தபோது, சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஸ்பிரிங்ஃபீல்டில் இன்னொரு ஆசிரியருக்கும் அதே தவிப்பு இருந்திருக்கிறது. அவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் கூரைக்குக் கீழே ஆட ஒரு விளையாட்டை யோசித்து, கட்டடக் காவலரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி கிடைக்கவில்லை. பீச் பழக்கூடைகள் கிடைத்தன. பெட்டி கிடைத்திருந்தால் இன்று இந்த ஆட்டத்துக்கு என்ன பெயர் இருந்திருக்குமோ! கூடையில் பந்து போடும் ஆட்டத்தைப் பற்றி நெய்ஸ்மித் எழுதிய கட்டுரை செண்டாவின் கையில் கிடைத்தது.

1893 மார்ச் 22. ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் எதிரெதிரே நின்றார்கள். பெண்கள் கால்சட்டை போன்ற உடையில் ஓடியாடுவதை ஆண்கள் பார்க்கலாகாது என்பது அந்தக் காலத்து நியாயம். எனவே ஆண்களுக்கு அனுமதி இல்லை. மாடம் முழுக்கப் பெண்களின் கூச்சல். செண்டா நடுவில் நின்று பந்தை மேலே எறிந்தார். எறிந்த வேகத்தில், உயர்த்தியிருந்த ஒரு மாணவியின் கையில் இடிபட்டு, அவளுடைய தோள்மூட்டே நழுவிவிட்டது.

ஆட்டம் அதோடு முடிந்திருக்க வேண்டியது. "பெண்களுக்கு எதற்கு இதெல்லாம்" என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. ஆனால் மாணவியை அறைக்குள் அழைத்துப்போய் மூட்டைத் தட்டிச் சேர்த்தார்கள். அவள் இடத்தில் இன்னொருத்தி இறங்கினாள். இரண்டாமாண்டு 5, முதலாண்டு 4 என்று ஆட்டம் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே மற்ற மகளிர் கல்லூரிகளுக்கும் அது பரவியது. கூடவே ஒரு பயமும் பரவியது.

பெண் உடம்பு தாங்காது என்ற பயம் செண்டாவுக்கும் கொஞ்சம் இருந்தது. கோர்ட்டை மூன்று பாகமாகக் கோடு போட்டுப் பிரித்தார். தன் பாகத்தை விட்டு யாரும் நகரக் கூடாது. எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று தடவைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது. இந்த விதிப் புத்தகத்தைப் பல ஆண்டுகள் அவரே தொகுத்து வெளியிட்டார். பெரியவர்களின் எதிர்ப்பிலிருந்து ஆட்டத்தைக் காப்பாற்றியவை அந்தக் கோடுகள்தான் என்று நினைக்கிறேன். ஆனால் பெண்கள் கோர்ட் முழுக்க ஓடலாம் என்று அமெரிக்கக் கல்லூரிகள் ஒப்புக்கொள்ள 1971 ஆகிவிட்டது. அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரைகூட நடுக்கோட்டைத் தாண்டாத ஆட்டம் நடந்தது. உலகம் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1953-லேயே சிலியில் பெண்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்து முடிந்திருந்தது.

இதற்கிடையே ஆட்டம் இந்தியாவுக்கும் வந்திருந்தது. நெய்ஸ்மித் நடத்திய முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைவராக இருந்த டங்கன் பேட்டன், சமய ஊழியராக 1894-ல் இந்தியா வந்தபோது கூடைப்பந்தையும் கொண்டுவந்தார். சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து படித்து வெளியேறிய உடற்பயிற்சி ஆசிரியர்கள் பள்ளி பள்ளியாகப் போனார்கள். மெல்ல மெல்லத் தமிழ்நாட்டு மைதானங்களில் கம்பமும் ரிங்கும் முளைத்தன. நம் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையத்தில் அது ஊர்ப் பித்தாகவே ஆனது. விதை ஊன்றியாயிற்று. ஆனால் அமெரிக்காவில் ஒரு திருப்பம் நடந்துகொண்டிருந்தது.

1972-ல் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. பெண்கள் அணிகளுக்குப் பணம் வந்தது, சம்பளம் வந்தது, கௌரவம் வந்தது. 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலும் பெண்கள் கூடைப்பந்து இடம்பிடித்தது. அந்தச் சட்டம் வரும்வரை அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். சம்பளம் வந்ததும் அந்த நாற்காலிகளில் ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2014 வாக்கில் பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் கீழே போனார்கள். செண்டா ஆரம்பித்து வைத்த இடத்தை விட்டே பெண்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

1985-ல் கூடைப்பந்தின் புகழ்மண்டபத்தில் முதன்முறையாகப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். இறந்து 31 ஆண்டுகள் கழித்து, செண்டாவின் பெயரும் அதில் ஏறியது. அதே 1985-ல்தான் சென்னையில் அனிதா பால்துரை பிறந்தார்.

அவரும் நேராகக் கூடைப்பந்துக்கு வரவில்லை. ஓட்டமும் கைப்பந்தும்தான் முதலில் பிடித்திருந்தன. பதினோரு வயதில் கிளப் பயிற்சியாளர் ஒருவர் இந்தப் பக்கம் திருப்பினார். திரும்பியவர் நிற்கவில்லை. பள்ளி வயதிலேயே இந்திய அணி, பிறகு தெற்கு ரயில்வே வேலை, 19 வயதில் இந்திய அணியின் கேப்டன். ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் ஆடினார். பிறகு குழந்தை பிறந்தது. ஆட்டக்காரியின் கதை வழக்கமாக முடியும் இடம் அது.

அனிதா திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா அரங்கில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம். எதிரில் கஜகஸ்தான். கடைசி வரை யார் பக்கம் என்று சொல்ல முடியாத ஆட்டத்தில் இந்தியா 75, கஜகஸ்தான் 73. இரண்டே புள்ளி வித்தியாசத்தில் இந்தியப் பெண்கள் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் செர்பியாவிலிருந்து வந்த ஸோரான் விஸிச். அவர் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கோர்ட்டுக்கு உள்ளே 18 ஆண்டுகள் ஓடிய பெண், கோட்டுக்கு வெளியே வந்து நிற்கும் நேரம் நெருங்கிவிட்டது.

கழுத்தில் விசிலோடு, கோட்டோரத்தில் நின்று குரல் கொடுக்கும் பெண் கோச். அந்தக் காட்சி பிறந்த கதைதான் இவ்வளவும். ஆட்டத்தோடே பிறந்து, பாதியில் கைநழுவிய அந்த இடத்துக்கு அனிதா வந்தது ஆட்டக்காரியாக ஆடி முடித்த பிறகு. இந்திய இளையோர் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். தோளில் அடிபட்டால் எப்படி வலிக்கும், மாதவிடாய் நாளில் ஓடுவது எப்படி, கல்யாணப் பேச்சு எடுத்த வீட்டில் முகாமுக்கு அனுமதி வாங்குவது எப்படி என்பதெல்லாம் அவர் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை அல்ல.

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் பெண் கோச்சின் மதிப்பு நன்றாகவே விளங்கும். விடிந்ததும் பட்டாசு ஆலைக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்பும் தாய்க்கு, பள்ளி விட்டதும் மகள் வீட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "ஒரு மணி நேரம் கிரவுண்டில் இருக்கட்டும்மா, நானே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்" என்று அந்த வீட்டு வாசலில் நின்று சொல்ல ஒரு பெண் வேண்டும். அப்படிச் சொல்பவளும் ஒரு காலத்தில் ஆடியவளாக இருந்துவிட்டால் தாய் மறுப்பது கடினம்.

2021-ல் அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பெங்களூருவின் அந்த இரண்டு புள்ளிக்கு அப்போது நான்கு வயது. அவருடைய கவலை இப்போது இளையவர்களின் பந்து ரிங்கில் சரியாக விழுகிறதா என்பது.