பொடிப்பனிச் சறுக்கு

பொடிப்பனிச் சறுக்கு என்பது புதிதாகப் பெய்து, இறுகாமலும் எவராலும் மிதிபடாமலும் கிடக்கும் வெண்பனியின் மீது சறுக்கிச் செல்லும் பனிச்சறுக்கு முறையாகும். இயந்திரங்களால் சமன்செய்து இறுக்கப்பட்ட தடங்களில் சறுக்கும்போது சறுக்குக் கட்டைகள் பனியின் மேற்பரப்பில் ஓடுகின்றன. பொடிப்பனியிலோ கட்டைகளும், சில வேளைகளில் சறுக்குபவரின் முழங்கால் அல்லது இடுப்பு வரையும் பனிக்குள் அமிழ்ந்தே செல்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மலைத்தொடர்கள், கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா மாகாணம், சப்பானின் ஒக்கைடோ தீவு ஆகியன இதற்குப் பெயர் பெற்ற இடங்கள். அமெரிக்காவில் இக்கலை வளர்ந்த முதன்மையான இடம் யூட்டா மாநிலத்தில் வாசாட்ச் மலைத்தொடரில் உள்ள ஆல்ட்டா ஆகும்.

தமிழில் பனி என்ற சொல் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பதையும், மூடுபனியையும், வானிலிருந்து படிகமாக விழுவதையும் ஒருங்கே குறிக்கும். இக்கட்டுரையில் அது கடைசிப் பொருளிலேயே ஆளப்படுகிறது.

பனியின் தன்மை

முகிலினுள் வெப்பநிலை ஏறத்தாழ -12 முதல் -18 பாகை செல்சியசு வரை இருக்கும்போது, கிளைகள் விரிந்த விண்மீன் வடிவப் பனிப்படிகங்கள் உருவாகின்றன. இவை தரையில் விழும்போது கிளைகள் ஒன்றோடொன்று சிக்கி, இடையில் பெருமளவு காற்றை அடைத்துக்கொள்கின்றன. நூறு செ.மீ. பனியை உருக்கினால் எத்தனை செ.மீ. நீர் கிடைக்கிறது என்பதே பனியின் அடர்த்திக்குப் பொதுவான அளவுகோல். வாசாட்ச் மலைகளில் புதுப்பனிக்கு இது சராசரியாக 8 செ.மீ. அளவில் உள்ளது. பசிபிக் கடலுக்கு அருகிலுள்ள கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் பனி இதைவிட ஈரமும் கனமும் மிக்கது. அங்குள்ளோர் அதனைச் சியரா சிமெண்ட் என்று கேலியாக அழைப்பர்.

யூட்டாவின் பனியே உலகில் மிக இலேசானது என்ற பரவலான நம்பிக்கை சரியன்று. கொலராடோவின் உட்பகுதி மலைகளில் அதைவிட உலர்ந்த பனி பெய்கிறது. யூட்டா பல்கலைக்கழக வளிமண்டலவியல் பேராசிரியர் சிம் சிடீன்பர்க் இதைத் தம் நூலில் (2014) விரிவாக விளக்கியுள்ளார். வாசாட்சின் சிறப்புக்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, பெய்யும் பனியின் அளவு. மற்றொன்று, அது பெய்யும் வரிசை. அங்கு வரும் புயல்கள் பல வேளைகளில் மிதமான குளிருடன் தொடங்கி, போகப் போகக் குளிர்ந்து முடிகின்றன. எனவே கனமான பனி அடியிலும் இலேசான பனி மேலேயும் படிகின்றன. சறுக்குபவரை மேல்நோக்கித் தாங்குவது இந்த அடுக்கே. மிக இலேசான பனி மட்டும் ஆழமாகக் கிடந்தால் கட்டைகள் அடித்தளம் வரை இறங்கிப் பாறையைத் தொடும். மேலே கனமான பனி கிடந்தாலோ திரும்புவதே கடினம். பெரிய உப்பு ஏரியிலிருந்து எழும் ஈரமே இப்பனிக்குக் காரணம் என்பதும் மிகைக்கூற்றே. குளிர்காலப் பொழிவில் அதன் பங்கு நூற்றில் ஐந்து என்ற அளவில்தான் உள்ளது.

"உலகின் தலைசிறந்த பனி" என்ற முழக்கம் யூட்டாவின் வாகன எண் தகடுகளிலும் இடம்பெற்றது. தனது "உலகின் தலைசிறந்த காட்சி" என்ற முழக்கத்தை இது நீர்த்துப்போகச் செய்வதாக ரிங்லிங் சகோதரர்கள் சர்க்கசு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

ஆல்ட்டா

லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கின் மேல் முனையில், ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் ஆல்ட்டா அமைந்துள்ளது. 1870-களில் இது வெள்ளிச் சுரங்க ஊராக இருந்தது. சுரங்கங்களுக்கு முட்டுக் கொடுக்கச் சுற்றிலும் இருந்த மரங்கள் வெட்டப்பட்டன. மொட்டையான சரிவுகளிலிருந்து பனிச்சரிவுகள் இறங்கின. அவ்வூரில் சுரங்கத் தொழிலாளர் பலர் இவற்றுக்குப் பலியாயினர். 1930-களில் நார்வேயில் பிறந்த தாவல் வீரர் ஆல்ஃப் எங்கன் அமெரிக்க வனத்துறைக்காக இவ்விடத்தை ஆய்ந்து, பனிச்சறுக்குக்கு ஏற்றது எனப் பரிந்துரைத்தார். 1939-இல் முதல் கம்பிவட நாற்காலி இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் சறுக்குப் பள்ளியை நடத்திய எங்கனும், அவருக்கு முன் அதை நடத்திய டிக் டுரான்சும் ஆழ்ந்த பனியில் திரும்பும் முறைகளை உருவாக்கிக் கற்பித்தனர்.

2022–23 பருவத்தில் ஆல்ட்டாவில் 903 அங்குலம், அதாவது ஏறத்தாழ 22.9 மீட்டர் பனி பெய்தது. பள்ளத்தாக்கின் ஒரே சாலையைப் பல பனிச்சரிவுப் பாதைகள் குறுக்கே வெட்டுவதால், கடும்புயல்களின்போது சாலை மூடப்படுவதுடன், எவரும் கட்டிடத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்ற ஆணையும் பிறப்பிக்கப்படுகிறது. இது இன்டர்லாட்ஜ் எனப்படும். ஆணையை மீறுவது சட்டப்படி குற்றமாகும். 2021 பெப்ரவரியில் இது 60 மணி நேரம் நீடித்தது. சன்னலுக்கு வெளியே மீட்டர் கணக்கில் பனி குவிய, அதற்காகவே வந்தவர்கள் உள்ளே அடைபட்டிருப்பர். ஆணை நீங்கியும் சாலை திறக்கப்படாத பொழுதுகளில், விடுதிகளில் தங்கியுள்ள சிலருக்கு மட்டுமே மலை முழுவதும் கிடைக்கிறது. சறுக்குநர்கள் பெரும்பேறாகக் கருதுவது இதையே.

பனிப்பலகைக்கு ஆல்ட்டா அனுமதியளிப்பதில்லை. இத்தடையை எதிர்த்த வழக்கு 2016-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

நுட்பமும் கருவிகளும்

இறுகிய தடத்தில் உடல் எடை பெரும்பாலும் வெளிப்புறக் கட்டையில் இருக்கும். பொடிப்பனியில் அவ்வாறு செய்தால் அக்கட்டை மட்டும் அமிழ்ந்து சறுக்குபவர் கவிழ்வார். ஆகவே இரு கட்டைகளிலும் எடையைச் சமமாகப் பகிர்ந்து, அவற்றை ஒரே தளம்போல் நடத்தி, போதிய வேகத்துடன் அமிழ்ந்தும் எழுந்தும் திரும்ப வேண்டும். மெதுவாகச் செல்வது பாதுகாப்பு என எண்ணும் புதியவர்கள்தாம் அதிகம் விழுகின்றனர்.

1980-களின் இறுதியில் ஆத்திரியாவின் அட்டோமிக் நிறுவனம் அகலமான கட்டையை வெளியிட்டது. பனிப்பலகை ஒன்றை நீளவாக்கில் அறுத்ததிலிருந்து பிறந்த எண்ணம் அது. 2002-இல் சேன் மெக்கோங்கியின் வடிவமைப்பில் வந்த கட்டை, இரு முனைகளிலும் மேல்நோக்கி வளைந்து, நடுவில் அகன்று, பனியில் மிதக்கும் படகை ஒத்திருந்தது. நீர்ச்சறுக்குக் கட்டையே அதற்கு முன்மாதிரி. இன்றைய பொடிப்பனிக் கட்டைகள் பெரும்பாலும் இவ்விரண்டின் வழிவந்தவை. இவற்றால் முன்பு வல்லுநர்க்கே இயன்ற சரிவுகள் பலருக்கும் எட்டின. ஒரே காலையில் மலையின் புதுப்பனி முழுவதும் தடம்பட்டுப்போவதற்கும் இதுவே காரணம் என மூத்த சறுக்குநர்கள் குறைகூறுவதில் நியாயம் உண்டு.

பனிச்சரிவும் குழுவும்

பொடிப்பனி நாளில் நண்பர் என்று எவரும் இல்லை என்பது அமெரிக்க மேற்கில் வழங்கும் வேடிக்கைப் பழமொழி. தாமதிக்கும் நண்பருக்காகக் காத்திருந்தால் புதுப்பனி பிறர்க்குப் போய்விடும் என்பது அதன் பொருள். நடைமுறை இதற்கு நேர்மாறானது. புதுப்பனி விழுந்த பொழுதே பனிச்சரிவுக்கும் ஏற்ற பொழுது. சறுக்குவதற்கு இனிதான 30 முதல் 45 பாகைச் சாய்வே சரிவு கிளம்பும் சாய்வும் ஆகும். மனிதர் சிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்புவோர் சிக்கியவரோ அவருடைய குழுவினரோதாம். முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அதன் பின் வாய்ப்பு விரைந்து சரிகிறது. அந்நேரத்துக்குள் மீட்புப்படை வந்து சேர்வது அரிது. எனவே உடன் சறுக்கும் நண்பரே மீட்பர்.

அமெரிக்காவில் இத்துறையின் அறிவு பெருமளவு ஆல்ட்டாவில் பிறந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கு வனக்காவலராகப் பணியேற்ற மான்ட்கோமரி அட்வாட்டர், இராணுவப் பீரங்கியால் சுட்டுப் பனியை முன்கூட்டியே சரியச் செய்யும் முறையைப் புகுத்தினார். அவரைத் தொடர்ந்த எட் லாசப்பல் பனிச்சரிவு அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவரானார். 1960-களின் இறுதியில் சான் லாட்டன் புதையுண்டவரைக் கண்டறியும் அலைபரப்பியை உருவாக்கினார். 457 கிலோஎர்ட்சில் இயங்கும் அதன் வழித்தோன்றலுடன், துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் குழுவின் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். சரிவில் ஒருவர் பின் ஒருவராகவே இறங்குவதும், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்ப்பதும் அடிப்படை விதிகள்.

கருவியும் அனுபவமும் மட்டும் போதா என்பதை 2012 பெப்ரவரி 19 அன்று வாசிங்டன் மாநிலத்தின் சிடீவன்சு கணவாய்ப் பகுதியில் நிகழ்ந்த விபத்து காட்டியது. பனிச்சறுக்குத் துறையில் தேர்ந்த ஏறத்தாழ 16 பேர் ஒன்றாகச் சென்றனர். எச்சரிக்கை அறிவிப்பைப் பலர் அறிந்திருந்தனர். சிலருக்கு உள்ளூர ஐயமும் இருந்தது. பெரிய குழுவில், தம்மினும் வல்லவர் முன்னிலையில், அதை எவரும் உரக்கச் சொல்லவில்லை. பனிச்சரிவில் மூவர் இறந்தனர். அடித்துச் செல்லப்பட்டும் காற்றுப்பை அணிந்திருந்ததால் ஒருவர் உயிர்தப்பினார். இதைப் பற்றி நியூயார்க் டைம்சு வெளியிட்ட கட்டுரை 2013-இல் புலிட்சர் பரிசு பெற்றது. பழகிய இடம், வல்லுநர் மீதான நம்பிக்கை, அரிதான புதுப்பனி மீதான ஆவல் முதலியவை முடிவுகளைத் திரிப்பதை ஆய்வாளர் இயன் மெக்கமன் இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சுட்டியிருந்தார். குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்பிவிடுதல் என்ற விதி இன்றைய பயிற்சிகளில் வற்புறுத்தப்படுகிறது.

மரங்களிடையே சறுக்கும்போது வேறோர் இடர் உண்டு. ஊசியிலை மரத்தின் கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றி இளகிய குழி உருவாகிறது. தலைகீழாக இதில் விழுந்தவர் தாமாக வெளியேறுவது அரிது. அசைய அசையப் பனி மேலும் இறுகி மூச்சுத் திணறும். பனிச்சரிவு அபாயம் குறைந்த நாட்களிலும், சறுக்கு நிலைய எல்லைக்குள்ளும் இது நிகழக்கூடும். துணையைக் கண்பார்வையிலோ குரல் எட்டும் தொலைவிலோ வைத்துக்கொள்வதும், சீழ்க்கையைக் கழுத்தருகே அணிவதும் பரிந்துரைக்கப்படுகின்றன.