சீகன்தாலர் விவகாரம்

சீகன்தாலர் விவகாரம் என்பது, ஆங்கில விக்கிப்பீடியாவில் 2005 ஆம் ஆண்டு ஒரு பொய்யான வாழ்க்கைக் குறிப்பு ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீக்கப்படாமல் இருந்த நிகழ்வைக் குறிக்கும். தன்னார்வலர்கள் உருவாக்கும் கலைக்களஞ்சியத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற விவாதத்தை இது எழுப்பியது.

பின்னணி

ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகியோர் 2001 சனவரி 15 அன்று விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பது அதன் அடிப்படை. எத்தரப்பையும் சாராமல் எழுத வேண்டும் என்ற நடுநிலைக் கொள்கையும் தொடக்க காலத்திலேயே வகுக்கப்பட்டது. பலரும் படிப்பதால் பிழைகள் விரைவில் களையப்படும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

நிகழ்வு

ஜான் சீகன்தாலர் புகழ்பெற்ற அமெரிக்க இதழாளர். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கென்னடியின் உதவியாளராக இருந்தவர். 1968 இல் கென்னடியின் உடலைச் சுமந்தவர்களுள் ஒருவர்.

2005 மே 26 அன்று பெயர் தெரிவிக்காத ஒருவர் இவரைப் பற்றிய பக்கத்தை உருவாக்கினார். ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி ஆகிய இருவரின் கொலைகளிலும் சீகன்தாலருக்குத் தொடர்பு இருந்ததாகச் சில காலம் கருதப்பட்டது என்றும், எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அதில் இருந்தது. மூன்று நாள் கழித்து ஒரு தன்னார்வலர் அப்பக்கத்தைத் திருத்தினார். ஆனால் ஒரு சொல்லின் எழுத்துப்பிழையை மட்டுமே சரிசெய்தார். செப்டம்பரில் சீகன்தாலரின் நண்பர் ஒருவர் கண்ட பிறகே பொய்த் தகவல் நீக்கப்பட்டது. அதற்குள் வேறு சில இணையதளங்களும் அதைப் படியெடுத்திருந்தன.

விளைவுகள்

நவம்பர் 29 அன்று சீகன்தாலர் 'யுஎஸ்ஏ டுடே' நாளிதழில் இதுபற்றி எழுதினார். அடுத்த மாதமே, ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்கும் உரிமை பதிவுசெய்த பயனர்களுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது. வாழும் மனிதர்கள் பற்றிய கட்டுரைகளுக்குக் கடுமையான தனிக் கொள்கையும் உருவானது. வேடிக்கைக்காக எழுதியதாக ஒப்புக்கொண்டவர் மன்னிப்புக் கேட்டு வேலையை விட்டு விலகினார். சீகன்தாலர் அவர்மீது வழக்குத் தொடுக்கவில்லை. அவரை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார்.

அதே டிசம்பரில் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டது. சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கும் பிரிட்டானிகாவில் மூன்றும் பிழைகள் இருப்பதாக அது கூறியது. பிரிட்டானிகா இம்முடிவை மறுத்தது.

மதிப்பீடு

அந்தப் பொய் வசைமொழியில் எழுதப்படவில்லை. நடுநிலையான நடையிலேயே எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் அது ஐயத்தை எழுப்பவில்லை. நடுநிலை நடை மட்டும் உண்மைக்குச் சான்றாகாது. எழுத்துப்பிழையைத் திருத்துபவர் செய்தியின் ஆதாரத்தையும் கேட்கும்போதுதான் பலர் கூடி எழுதும் அறிவு நம்பத்தக்கதாகிறது. படிக்கும் மாணவருக்கும் இது பொருந்தும்.