மூடப்பட்ட படக்கோட்டை

கௌபாய் படங்களை நம் ஊர்க் கொட்டகைகளில் கண்டு களித்தவர் பலர். அவர்களுள் நானும் ஒருவன். 1960-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி அலமோ’ என்னும் படம், பல ஆண்டுகள் கழிந்து பழைய படமாக மறுபடி ஓடியபோது, பள்ளிச் சிறுவனாக அதனைக் கண்டேன். அப்படத்துக்கென்று டெக்ஸாஸ் மாநிலத்தில் பிராக்கெட்வில் என்னும் சிற்றூரின் அருகே எழுப்பிய கோட்டையைப் படம் முடிந்த பின்னும் இடிக்கவில்லை. மக்கள் வந்து பார்த்துச் செல்லும் இடமாக அது நிலைத்தது. 2018-ஆம் ஆண்டில் அதன் வாயில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. நான் அங்குச் சென்றதில்லை; இனிச் செல்லும் வாய்ப்பும் இல்லை.

இதனை வகுப்பிற் சொன்னபோது மாணவர் ஒருவர் எழுந்தார். “படத்துக்காகப் போட்ட பொய்க்கோட்டைதானே, ஐயா? மெய்யான அலமோ சான் அன்டோனியோ நகரில் இருக்கிறதே! வரலாற்றுக்கு இதனால் என்ன இழப்பு?” என்றார். கேள்வி நியாயமானது. மணி அடித்துவிட்டமையால் மறுநாள்தான் விடை கூற முடிந்தது.

மெய்யான அலமோ, 1718-இல் ஸ்பானியத் துறவியர் நிறுவிய சமய நிலையம். பிற்காலத்தில் அது படைகள் தங்கும் இடமாயிற்று. மெக்ஸிகோவின் ஆட்சியை எதிர்த்து எழுந்த டெக்ஸாஸ் குடியேறிகளுள் ஏறக்குறைய 200 பேர் அதனுள் இருந்தனர். 1836 பிப்ரவரி 23 முதல் மார்ச் 6 வரை, 13 நாள், சான்டா அன்னாவின் படை அவர்களை முற்றுகையிட்டது. முடிவில் டிராவிஸ், போவி, கிராக்கெட் ஆகிய தலைவர்களோடு போராடியோர் ஏறத்தாழ அனைவரும் மாண்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் மெக்ஸிகோ படையினர் ஊரைவிட்டு நீங்கும்போது மதில்களை இடித்துச் சென்றனர். இன்று எஞ்சியிருப்பவை கோயிலும் நீண்ட படைவீட்டின் ஒரு பகுதியுமே. கோயில் முகப்பின் உச்சியில் வளைந்து நிற்கும் அழகிய முகடு, படங்களில் நாம் காணும் அந்த முகடு, 1850-இல் அமெரிக்கப் படையினர் சேர்த்தது. போர் நடந்த நாளில் அது கிடையாது! மதில் நின்ற இடத்தின் மீது நகரம் வளர்ந்துவிட்டது. மெய்யான இடத்தில் நின்று பார்ப்பவருக்குக் கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது எளிதில் விளங்காது.

இனிப் பொய்க்கோட்டைக்கு வருவோம். பிராக்கெட்வில்லுக்கு வாழ்வளித்து வந்த கிளார்க் கோட்டை என்னும் படைநிலையம் 1946-ஆம் ஆண்டோடு மூடப்பட்டது, ஊர் தளர்ந்தது. அவ்வூர்ப் பண்ணையார் ஜேம்ஸ் ஷாஹன் படத் தொழிலை ஊருக்கு வரவழைக்க முயன்றார். ‘தி அலமோ’வைத் தாமே தயாரித்து, இயக்கி, கிராக்கெட்டாகவும் நடித்த ஜான் வேய்ன், ஷாஹனின் நிலத்தில் கோட்டை கட்ட இசைந்தார். தட்டியும் சாயமும் கொண்டு முன்பக்கம் மட்டும் காட்டும் கட்டடங்கள் அல்ல அவை. மெக்ஸிகோவிலிருந்து கைவினைஞர் வந்தனர். மண்ணையும் வைக்கோலையும் பிசைந்து, அச்சில் இட்டு, வெயிலில் உலர்த்திய சுடாத கற்கள் 10 இலட்சத்துக்கும் மேல் செய்தனர். பழைய அலமோவின் நாளில் அந்நாட்டார் வீடு கட்டிய முறையும் இதுவே. கதை பொய்யாயினும் சுவர் பொய்யன்று.

கதையில் பொய் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. மெக்ஸிகோ 1829-இல் அடிமைமுறையை ஒழிக்க ஆணையிட்டது. டெக்ஸாஸ் குடியேறிகளோ அடிமைகளை விடாது வைத்திருந்தனர். அவர்களுடைய மனக்கசப்புக்கு இருந்த காரணங்களுள் இதுவும் ஒன்று. படமோ, விடுதலை பெற்ற அடிமை ஒருவன் தன் பழைய தலைவனுக்காகவே உயிர் விடுவதாகக் காட்டுகிறது. அக்காட்சியைக் கண்டு சிறுவயதில் நான் அழுதேன். காரணங்களைப் படித்தபின் அந்த அழுகையை எண்ணி நாணினேன்.

ஷாஹன் 1996-இல் மறைந்தார். அவர் மனைவி 2009-இல் மறைந்ததும் அவ்விடம் மூடப்பட்டு, 2010-இல் திறந்து, 2018-இல் மறுபடி மூடப்பட்டது. மண்சுவர் வீட்டில் வாழ்ந்தவர் அறிவர்: மழைக்காலம் போனதும் மெழுகிப் பூசாவிட்டால் சுவர் கரையும். பார்க்க வருவோர் இல்லையெனில் பூசுவோர்க்குக் கூலி ஏது?

இவ்வளவும் கூறிய பின்னும் அம்மாணவர் முகம் தெளியவில்லை. ஆகவே வகுப்பு முழுவதையும் விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் சென்றேன். பழைய அலமோவின் சுற்றுமதில் ஏறக்குறைய 1,320 அடி நீளம். நம் ஓட்டப்பாதையின் ஒரு சுற்றாகிய 400 மீட்டருக்கு ஏறத்தாழச் சமம். அதனை 200 பேர் காத்தார்கள் என்றால் ஆளுக்கு 2 மீட்டர். பீரங்கிக்கும் உறக்கத்துக்கும் போக எஞ்சியவர் அதனினும் குறைவு. படக்கோட்டையின் அளவுகள் பழையதோடு முற்றும் பொருந்தாவிட்டாலும், நாற்புறமும் மதில் சூழ நடந்தவர் இந்தத் தனிமையைக் காலாலேயே அறிந்திருப்பர்.

வகுப்பில் 40 பேர். இரண்டு மீட்டருக்கு ஒருவராக நிறுத்தினேன். பாதையில் ஐந்தில் ஒரு பங்கே நிரம்பிற்று. கேள்வி கேட்ட மாணவர் கடைசியில் நின்றார். ஆளில்லாத பாதையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, “இந்தப் பக்கம் யார் நின்றார்கள், ஐயா?” என்று கேட்டார்.