சேதுக் கடல்: எல்லைக் கோடும் கால்வாய்த் திட்டமும்

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள கடல் மிகக் குறுகியது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல், கப்பலில் ஓர் இரவுப் பயணம். இவ்வளவு அருகில் இருந்தும் இக்கடலைக் கடந்து பொருளும் ஆளும் செல்வது கடந்த நூறாண்டுகளில் எளிதாகவில்லை, கடினமாகியே வந்துள்ளது. அதே நூறாண்டுகளில் இக்கடலில் கால்வாய் வெட்டவும் பாலம் கட்டவும் பெருஞ்செலவிலான திட்டங்கள் மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட்டன. இவ்விரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடு இல்லாத கடல்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துச் சிப்பி விளையும் பாறைத் திட்டுகள் உள்ளன. இவற்றை மீனவர்கள் 'பார்' என்பர். முத்துக்குளிப்பு நடைபெறும் பருவமும் இடமும் 'சலாபம்' எனப்பட்டன. தூத்துக்குடிக் கரைப் பார்களில் சிப்பி விளைந்தால் அங்கும், இலங்கையின் அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் விளைந்தால் அங்கும் குளிகாரர்கள் சென்றனர். இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு களங்களாகவே இருந்தன.

ஆட்சியும் பல காலம் அவ்வாறே அமைந்தது. போர்த்துக்கீசியர் 1560-இல் மன்னாரைத் தளமாகக் கொண்டபோது முத்துக்குளித்துறைப் பரதவர் பலரையும் அங்கே குடியேற்றினர். 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இக்கரையைக் கொழும்பிலிருந்தே நிருவகித்தனர். 1796-இல் இலங்கையின் கரையோரப் பகுதியை ஆங்கிலேயர் கைப்பற்றியபின் சில ஆண்டுகள் அது சென்னையிலிருந்து ஆளப்பட்டது. 1802-இல்தான் இலங்கை ஆங்கில அரசின் தனிக் குடியேற்ற நாடாயிற்று.

அதன்பிறகும் போக்குவரத்து குறையவில்லை. தொடக்கத்தில் சென்னையிலிருந்து இரயிலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து கப்பலில் கொழும்பு செல்வதே வழி. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் இரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு இரயிலும் இணைந்து ஓடின. இதுவே 'போட் மெயில்'. இப்பாதையின் வருமானம் யாருக்கு என்ற போட்டியும் கடுமையாக இருந்தது. 1906-இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இதன் ஒரு பகுதியே.

கோடு வந்த விதம்

இக்கடலில் எல்லைக் கோடு வரையும் முயற்சி முத்து, சங்கு, மீன் வளம் தொடர்பாகவே தொடங்கியது. 1921 அக்டோபரில் சென்னை அரசின் பிரதிநிதிகளும் இலங்கை அரசின் பிரதிநிதிகளும் கொழும்பில் கூடி ஒரு மீன்பிடி எல்லையைப் பேசினர். இரு தரப்பும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டவை. அந்த உடன்பாடு முறையாக உறுதி செய்யப்படவில்லை. எனினும் பிற்காலப் பேச்சுகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தால் கடவுச்சீட்டும் விசாவும் இக்கடலுக்கு வந்தன. 1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் சேவை இராமேசுவரத்துக்கு மாறி, 1980-களின் தொடக்கத்தில் இலங்கை இனப்போர் மூண்டபோது நின்றுபோனது.

1974 ஜூனில் கையெழுத்தான ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லையை வரைந்தது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சென்றது. 1976 மார்ச்சில் கையெழுத்தான இரண்டாவது ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லையை நீட்டியது. அதனுடன் பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. தலைமுறைகளாகச் சென்றுவந்த கடற்பரப்பு இவ்வாறு இரண்டாயிற்று. இழுவைப்படகுகளின் பெருக்கம் சேர்ந்ததால், இன்று எல்லை தாண்டிய தமிழக மீனவர் கைதாவதும், தங்கள் கடல்வளம் அழிவதாக இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர் முறையிடுவதும் தொடர்கின்றன.

வணிகத்திலும் இதே நிலைதான். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையிலா வணிக ஒப்பந்தம் பல பொருள்களுக்குச் சுங்க வரியை நீக்கியது. ஆனால் தேயிலை, ஆயத்த ஆடை போன்றவற்றுக்கு ஆண்டு வரம்பு உண்டு. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு ஆகியவற்றுக்கு இலங்கை 2007 முதல் சிறப்புப் பண்ட வரி விதிக்கிறது. அங்கே அறுவடைக் காலம் வந்தால் வரி ஏறும். தூத்துக்குடியில் வெங்காயம் ஏற்றும் வணிகருக்குக் கடலின் அகலம் ஒருபோதும் மாறுவதில்லை. மாறுவது வரியும் விதியும்தான்.

கால்வாய்த் திட்டம்

இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே சேதுத் திட்டுகள் உள்ளன. ஆங்கிலேயர் இதை ஆதாம் பாலம் என்றனர். இங்கே ஆழம் மிகக் குறைவு. பெரிய கப்பல்கள் செல்ல முடியாது. ஆகவே தூத்துக்குடியிலிருந்து சென்னை செல்லும் கப்பல் இலங்கையைச் சுற்றியே போக வேண்டும்.

1860-இல் ஏ. டி. டெய்லர் என்னும் ஆங்கிலேய அதிகாரி இங்கே கால்வாய் வெட்டும் யோசனையை முன்வைத்தார். 1922-க்குள் இதுபோல் ஒன்பது யோசனைகள் வந்தன. எதுவும் நிறைவேறவில்லை.

விடுதலைக்குப்பின் 1955-இல் இந்திய அரசு டாக்டர் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் குழு அமைத்தது. தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகமும் சேதுக் கால்வாயும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகள் என்று குழு கருதியது. ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகள் இடம் மாறுபவை என்பதால் அவற்றின் குறுக்கே வெட்டுவது உகந்ததல்ல என்றும் கூறியது. இவ்விரு பகுதிகளில் துறைமுகம் கட்டப்பட்டது. 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கால்வாய் கோப்பிலேயே நின்றது.

ஏறிய மதிப்பீடு

கால்வாயின் மதிப்பீடு ஏறிய விதம் மாணவர்கள் கவனிக்கத்தக்கது.

1956, இராமசாமி முதலியார் குழு: ரூ. 9.98 கோடி
1968, வெங்கடேசுவரன் குழு: ரூ. 37.46 கோடி
1981-இல் அமைந்த இலட்சுமிநாராயணன் குழு: ரூ. 110 கோடி
1996, பல்லவன் போக்குவரத்து ஆலோசனை நிறுவனம்: ரூ. 685 கோடி
2005, மத்திய அமைச்சரவை ஒப்புதல்: ரூ. 2,427.40 கோடி

ரூபாயின் மதிப்பு இடையில் பெரிதும் குறைந்துள்ளதால் இவற்றை அப்படியே ஒப்பிடக் கூடாது. திட்டத்தின் ஆழமும் வழித்தடமும் கூட மாறின. ஆனால் ஒன்று தெளிவு: ஐம்பது ஆண்டுகள் குழுக்கள் மதிப்பிட்டன. கட்டுவதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் தள்ளிப்போனது.

1860-க்கும் 2005-க்கும் இடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. டெய்லர் காலத்தில் இரு கரைகளும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. 2005-இல் கால்வாய் முழுவதும் எல்லைக் கோட்டுக்கு இந்தியப் பக்கத்திலேயே அமைய வேண்டியிருந்தது. வழித்தடம் தேர்ந்தெடுக்கும் இடம் சுருங்கிவிட்டது.

தொடக்கமும் நிறுத்தமும்

2005 ஜூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம் என்பது திட்டம். தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகம் பொறுப்பேற்று நடத்தியது. 424 கடல் மைல் வரையும், 30 மணி நேரம் வரையும் மிச்சமாகும் என்று அரசு கூறியது.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. 30 மணி நேர மிச்சம் தூத்துக்குடி போன்ற அருகிலுள்ள துறைமுகங்களிலிருந்து கிழக்குக் கரைக்குச் செல்லும் கப்பலுக்கு மட்டுமே. ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வரும் கப்பலுக்கு மிச்சம் சில மணி நேரம்தான். கால்வாயில் வேகம் குறைக்க வேண்டும், வழிகாட்டி மாலுமி வேண்டும், கட்டணமும் செலுத்த வேண்டும். மேலும் கால்வாய் 30,000 டன் அளவுக் கப்பல்களுக்காகவே திட்டமிடப்பட்டது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு ஹால்டியா, பாரதீப் பக்கமிருந்து நிலக்கரி கொண்டுவந்த பூம்புகார் கப்பல் கழகத்தின் கப்பல்களே அந்த அளவைத் தாண்டியவை. யாருக்காக வெட்டுகிறோமோ அவர்களின் கப்பலே முழுச் சுமையுடன் நுழைய முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

சுற்றுச்சூழல் கேள்வியும் பெரிது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989-இல் இவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளப் பாறைகளுக்கும் பார்களுக்கும் தோண்டிய மண் என்ன செய்யும் என்று மீனவர்கள் அஞ்சினர். முத்துச் சிப்பிகள் எவ்வளவு எளிதில் அற்றுப்போகும் என்பதை அவர்கள் கண்டவர்கள். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபமே கடைசி.

சேதுவை இராமர் அமைத்த பாலமாக வழிபடுவோர் நீதிமன்றம் சென்றனர். 2007-இல் உச்ச நீதிமன்றம் அதற்குச் சேதம் விளைவிக்கக் கூடாது என இடைக்கால ஆணையிட்டது. ஆதாம் பாலப் பகுதியில் அவ்வாண்டு செப்டம்பரிலும், பாக் நீரிணைப் பகுதியில் 2009 ஜூலையிலும் தூர்வாரல் நின்றது. மாற்று வழித்தடத்தை ஆராய்ந்த ஆர். கே. பச்சௌரி குழு, அது பொருளாதார நோக்கிலும் சுற்றுச்சூழல் நோக்கிலும் ஏற்றதல்ல என்றது. அதற்குள் ரூ. 760 கோடிக்கு மேல் செலவாகிவிட்டது. கப்பல் செல்லும் கால்வாய் உருவாகவில்லை. 2023 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் திட்டத்தைத் தொடர வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது.

பாலம் கட்டும் பேச்சு

கடலுக்கு மேலே பாலம் கட்டும் பேச்சும் இடையிடையே எழுகிறது. 2002-இல் இலங்கைப் பிரதமராயிருந்த இரணில் விக்கிரமசிங்க தரைப்பால யோசனையைக் கூறினார். 2015-இல் இந்திய அமைச்சர் நிதின் கட்கரி, ஏறத்தாழ ரூ. 24,000 கோடியில் பாலமும் சுரங்கமும் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி நிதி தர முன்வந்துள்ளதாக நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். 2023 ஜூலையில் இரு நாடுகளும் தரைவழி இணைப்புக்கான சாத்தியக்கூற்றை ஆராய ஒப்புக்கொண்டன.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி அண்மையில் பிரிட்டனில் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபின், 2021 ஜனவரி முதல் வட அயர்லாந்து சரக்கு வணிகத்தில் ஒன்றியத்தின் விதிகளைப் பின்பற்ற வேண்டியதாயிற்று. ஆகவே பிரிட்டனின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செல்லும் சரக்குக்கே இடைக்கடலில் சோதனையும் தாள்களும் வந்தன. அதே காலத்தில் பிரதமர் போரிஸ் ஜான்சன், ஸ்காட்லாந்தையும் வட அயர்லாந்தையும் பாலத்தால் இணைக்கலாம் என்றார். சர் பீட்டர் ஹெண்டி தலைமையில் ஆய்வு நடந்தது. 2021 நவம்பரில் வந்த அறிக்கை, பாலத்துக்கு 33,500 கோடி பவுண்டும் சுரங்கத்துக்கு 20,900 கோடி பவுண்டும் ஆகும் என்றது. திட்டம் கைவிடப்பட்டது. சரக்குச் சோதனைச் சிக்கலைப் பெருமளவு தணித்தது 2023-இல் ஏற்பட்ட வின்ட்சர் உடன்பாடு. அது தாளில் எழுதிய விதிகளின் மாற்றம் மட்டுமே.

சிறிய முயற்சிகளின் நிலை

நம் கடலில் சிறிய முயற்சிகள் எவ்வாறு நடந்தன? 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி-கொழும்பு பயணிகள் கப்பல் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' புறப்பட்டது. நவம்பரில் நின்றுவிட்டது. நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிச் சில நாள்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கால்வாய்க்கு ஆன செலவில் சிறு பகுதியே தேவைப்படும் இத்தகைய சேவைகள், தொடர்ந்த ஆதரவும் எளிய விதிகளும் இன்றித் தடுமாறின.

தூத்துக்குடி, 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கிய துறைமுகம், தன் பெட்டகச் சரக்கில் ஒரு பகுதியை இன்றும் கொழும்பு வழியாகவே உலகுக்கு அனுப்புகிறது. இதை மாற்றப் பெரிய கப்பல்களுக்கான வெளித்துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு ரூ. 7,000 கோடிக்கு மேல். அதன் பயனும் இனி அளந்து பார்க்கப்பட வேண்டியதே.

முடிவுரை

பெருந்திட்டங்கள் எல்லாம் வீண் என்பது இவ்வரலாற்றின் பொருளன்று. பாம்பன் பாலமும் தூத்துக்குடித் துறைமுகமும் பெருந்திட்டங்களே. அவை நாட்டுக்குப் பயன் தந்தன. அவற்றைப் பயன்படுத்தும் கப்பலும் இரயிலும் பயணியும் கட்டும்போதே கண்ணெதிரே இருந்தனர். சேதுக் கால்வாயில் அந்தக் கணக்கு உறுதியாகும் முன்பே தோண்டல் தொடங்கியது.

இரு கரைகளையும் பிரித்தவற்றுள் மணல் திட்டைவிடக் கடவுச்சீட்டு, வரி, போர், எல்லைக் கோடு ஆகியவற்றின் பங்கே பெரிது. மணலைத் தோண்டுவதால் இவற்றில் எதுவும் ஆழமாகாது, அகலாது. அடுத்த கால்வாயோ பாலமோ அறிவிக்கப்படும்போது, எவ்வளவு செலவு என்று கேட்பதற்கு முன், தடுப்பது கடலா கோடா என்று கேட்பது நல்லது. கோடு என்றால் அதற்குரிய இடம் பேச்சுவார்த்தை மேசை. அங்கே ஆகும் செலவும் குறைவு.